பழைய பைப்புல கட்டின ஆஃப்செட் ஸ்மோக்கர் மக்கர் பண்ணுதா? என்ன கோளாறுன்னு இப்படிப் பாருங்க

ஹூஸ்டன் கிழக்குப் பக்கம் கப்பல் கால்வாயை ஒட்டி பழைய இரும்பு யார்டு நிறைய இருக்கு. எண்ணெய்க் கிணறு வேலைக்குன்னு வந்து மிஞ்சிப்போன பைப், வெட்டி ஒதுக்கின துண்டு எல்லாம் பவுண்டு கணக்குல எடை போட்டுத் தருவாங்க. டெக்சாஸ் வெல்டருங்க இந்த மாதிரி துண்டு பைப்பை வெச்சு ரொம்ப வருஷமா ஆஃப்செட் ஸ்மோக்கர், அதாவது ஒரு பக்கம் தீ எரிய, அந்தச் சூடும் புகையும் பக்கத்து அறைக்குள்ள போய் கறியை மெதுவா வேகவைக்கிற அடுப்பு, கட்டிட்டு வர்றாங்க, அதைப் பாத்துதான் நானும் இறங்கினேன். இப்போ நம்மாளுங்க சில பேர் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க, கட்டி முடிச்சு முதல் தீ போட்ட அன்னைக்கு ராத்திரியே எனக்கு போன் வந்துடும், கேக்குற கேள்வி பெரும்பாலும் அதே ஏழெட்டுதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடுறேன்.

என்னோட அளவை முதல்ல சொல்லிடுறேன், கீழ சொல்றது எல்லாம் அதை வெச்சுதான். கறி வேகுற அறை 20 இன்ச் பைப், கால் இன்ச் கனம், 4 அடி நீளம். இந்த பைப் ஒரு அடியே சுமார் 53 பவுண்டு, அப்போ அந்த ஒரு துண்டு மட்டும் 210 பவுண்டுக்கு மேல, ரெண்டு பேர் சேந்தாலும் தூக்க முடியாது, கார் என்ஜினைத் தூக்குற ஹாய்ஸ்ட் வாடகைக்கு எடுத்துக்கோங்க. தீ எரியுற பெட்டி, அதாவது ஃபயர்பாக்ஸ், அதே பைப்புல 20 இன்ச் நீளம். ஃபயர்பாக்ஸோட கொள்ளளவு கறி அறையில மூணுல ஒரு பங்காவது இருக்கணும்னு ஒரு கைக்கணக்கு உண்டு, ரெண்டும் ஒரே பைப்னா நீளத்தை நீளத்தால வகுத்தா போதும், 48க்கு 16 வரும், விறகு தாராளமா உள்ள போகட்டும்னு நான் 20 வெச்சேன்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல காத்தோட பாதையைப் பாருங்க. எங்க நுழையுது, எங்க திணறுது, எங்க வெளிய போகுது. அப்புறம் விறகு, அதுக்கப்புறம் இரும்பு, மசாலாவைக் குறை சொல்றது எல்லாம் கடைசி. ஊர்ல விறகு அடுப்புல சமைச்ச வீட்டுல வளந்தவங்களுக்கு இதைப் பெருசா விளக்க வேண்டாம், அடுப்பு வாயில விறகைத் திணிச்சா புகையும், ஒண்ணை வெளிய இழுத்துவிட்டா பத்திக்கும். அதே அடுப்பைத்தான் நாம இரும்புல நீட்டிக் கட்டியிருக்கோம்.

முதல் தீயிலயே தார் நாத்தம், இல்லைன்னா உள்ள வெள்ளையா பொடி

நிறுத்துங்க, கறியை வைக்காதீங்க. வெள்ளைப் பொடி வந்தா அது துத்தநாகப் பூச்சு போட்ட கால்வனைஸ் பைப்பா இருக்கலாம். துத்தநாகம் 787 டிகிரி ஃபாரன்ஹீட்லயே உருகிடும், ஃபயர்பாக்ஸ்ல தீ நேரா படுற இடம் அந்தச் சூட்டைத் தொடும். அந்தப் புகையை இழுத்தா காய்ச்சல், குளிர் நடுக்கம் வரும், வெல்டருங்களுக்கு நல்லாவே தெரியும். பூச்சை கிரைண்டர் போட்டு எடுத்துடலாம்னு நினைக்காதீங்க, அந்த பைப்பை வேற வேலைக்கு வெச்சுக்கோங்க, ஸ்மோக்கருக்கு வேண்டாம்.

தார் நாத்தம்னா மண்ணுக்குள்ள போட்ட லைன் பைப், வெளிய துருப்பிடிக்காம இருக்க பூசின கோட்டிங். அதுலயும் பழைய பைப் சுத்தின உறையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதைச் சுரண்டவே கூடாது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். எண்ணெய்க் கிணத்துக்குள்ள பல வருஷம் கிடந்த குழாயோட உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரி கெட்டியா படிஞ்சிருக்கும், நிலத்தடி உப்புத்தண்ணி கொண்டுவந்த படிவு அது, அதுல ரேடியம் கலந்திருக்கலாம். பெரிய யார்டுங்க வாசல்ல கதிர்வீச்சு கருவி வெச்சு லாரியை சோதிக்கிறது இதுக்கும் சேத்துதான். கிணத்துக்குள்ள இறங்காத, மிஞ்சிப்போன புது பைப்தான் வேணும்னு கேட்டு வாங்குங்க. உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, மெல்லிசா செந்துரு இருந்தா பரவால்ல, பாறை மாதிரி படிவு இருந்தா விலை எவ்ளோ குறைவா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க.

கட்டியா வெள்ளைப் புகை, கறி கசக்குது, நாக்கு மரத்துப்போன மாதிரி இருக்கு

எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான். விறகு சூடானதும் அதுக்குள்ள இருந்து வாயு வெளிய வரும், போதுமான காத்தும் சூடும் இருந்தா அந்த வாயுவே எரிஞ்சுடும், மேல மெல்லிசா லேசா நீலம் ஓடின புகைதான் வரும். காத்து பத்தலைன்னா எரியாம தார்த் துளியா மாறி கறி மேல போய் ஒட்டிக்கும், அந்தக் கசப்பு அதுதான், எந்த மசாலா போட்டாலும் மறையாது.

சிம்னி மூடியை முழுசா திறங்க. சூடு ஏறிடுச்சுன்னு சிம்னியைப் பாதி மூடுறவங்க நிறைய பேர், அது ஊர் அடுப்பு மேல சட்டியைக் கவுத்து மூடினதுக்குச் சமம், புகை உள்ளயே நின்னு கறியில ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்துறது காத்து நுழையுற பக்கத்துலயும் விறகோட அளவுலயும்தான். நான் என்னோட சிம்னியில இருந்த மூடியை ஆறு மாசம் முன்னாடி கழட்டியே வெச்சுட்டேன், மழைக்கு மட்டும் ஒரு டப்பா கவுத்து வைக்கிறேன்.

அப்புறம் விறகு. இங்க எல்லாரும் போஸ்ட் ஓக் போடுவாங்க, பீக்கானும் நல்லா இருக்கும், மெஸ்கீட் மட்டும் நீண்ட நேர சமையலுக்கு முழுசா போட்டா காட்டமா இருக்கும். எது போட்டாலும் ஈரம் 20 சதவீதம் கிட்ட இருக்கணும். மீட்டர் இல்லைன்னா ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, காஞ்ச விறகு டங்குன்னு கேக்கும், ஈர விறகு தொப்புன்னு கேக்கும், முனையில நட்சத்திரம் மாதிரி வெடிப்பு இருந்தா காஞ்சது. மணிக்கட்டு கனத்துல பிளந்து வெச்சுக்கோங்க, அடுத்து போடப்போற துண்டை ஃபயர்பாக்ஸ் தலை மேல வெச்சு சூடு பண்ணுங்க, அப்படிப் போட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள தீ பிடிச்சுடும், பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்த விறகைப் போட்டா பத்து நிமிஷம் புகையும். ஒரு துண்டு, 30லேர்ந்து 45 நிமிஷத்துக்கு ஒரு தடவ. கீழ தணல் படுக்கை எப்பவும் சிவப்பா இருக்கணும், தணல் இல்லாம விறகு மட்டும் எரியாது.

தீ நல்லா எரியுது, ஆனா சூடு 225 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல ஏறவே மாட்டேங்குது

முதல்ல சாம்பலைப் பாருங்க. தீத்தட்டு, அதாவது விறகு உக்கார்ற கம்பி ஜல்லடை, ஃபயர்பாக்ஸோட அடியில இருந்து 4 இன்ச்சாவது உயரமா இருக்கணும், இல்லைன்னா மூணு மணி நேரத்துல சாம்பல் நிரம்பி காத்து வாயை அடைச்சுடும். மெல்லிசான வலைத்தகடு போட்டிருந்தா நாலு சமையல்ல தொங்கிப் போயிருக்கும், முக்கால் இன்ச் சதுரக் கம்பியை வரிசையா வெச்சு வெல்ட் பண்ணிடுங்க.

சாம்பல் இல்லைன்னா சிம்னி சின்னது. நான் முதல்ல போட்டது 4 இன்ச் பைப், ரெண்டு இன்ச் கூடினா என்ன பெரிய வித்தியாசம்னு நினைச்சேன். கணக்குப் போட்டுப் பாருங்க, 4 இன்ச் வாயோட பரப்பு பன்னெண்டரை சதுர இன்ச், 6 இன்ச்னா 28 சதுர இன்ச், ரெண்டு மடங்குக்கு மேல. வெட்டி எடுத்துட்டு 6 இன்ச் பைப் 3 அடி உயரத்துக்கு வெச்சேன், அன்னைக்கே 275 தாராளமா வந்துச்சு, அதுவும் முன்னாடி எரிச்ச விறகுல பாதிக்கு.

மூணாவது, ஃபயர்பாக்ஸுக்கும் கறி அறைக்கும் நடுவுல இருக்குற தொண்டை. என்னோடது முதல்ல பிறை மாதிரி 24 சதுர இன்ச்தான் வெட்டியிருந்தேன், கை நுழையுறதே கஷ்டம். 45க்கு பெருசாக்கினேன். சிம்னியை மாத்தி தொண்டையை விட்டா பாதி வேலைதான் ஆகும், காத்து போற வழியில எது குறுகலோ அதுதான் மொத்தத்தையும் பிடிச்சு நிறுத்தும்.

சூடு குறையவே மாட்டேங்குது, காத்து வாயை மூடினாலும் 350

கதவுல லீக் இருக்கு, இல்லைன்னா தீ பெருசு. பெரிய தீ போட்டு காத்தை அடைச்சுக் குறைக்கப் பாத்தா மேல சொன்ன வெள்ளைப் புகைதான் வரும், அதனால சின்ன தீயா போட்டு காத்தைத் திறந்தே வைங்க. லீக்கைக் கண்டுபிடிக்க ராத்திரி உள்ள ஒரு டார்ச்சைப் போட்டு கதவை மூடிட்டு வெளிய இருந்து பாருங்க, வெளிச்சம் கசியுற இடமெல்லாம் காத்தும் நுழையும்.

கறி அறைக் கதவு சரியா உக்காராததுக்குக் காரணம் பெரும்பாலும் வெட்டின விதம். பைப்பை வளைச்சு மடிச்சு செய்யும்போதே இரும்புக்குள்ள ஒரு இறுக்கம் நின்னுடும். நான் கிரைண்டர் போட்டு மூணு பக்கம் வெட்டிட்டு நாலாவது பக்கம் கடைசி ஒரு இன்ச் இருக்கும்போது டங்குன்னு ஒரு சத்தம், கதவுத் துண்டு தானா துள்ளி ஒரு மூலை கால் இன்ச் தூக்கிட்டு நின்னுச்சு, அதை எவ்ளோ அழுத்தினாலும் பழைய இடத்துக்குப் போகல. அப்படி ஆயிடுச்சுன்னா கதவைச் சுத்தி செயின் போட்டு, தூக்கின மூலைக்குக் கீழ கட்டை கொடுத்து, பாட்டில் ஜாக் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா வளைக்கணும், ஒரே அழுத்துல வளைக்காதீங்க, அழுத்தி விட்டு வெச்சுப் பாருங்க, திரும்ப அழுத்துங்க. எனக்கு ஒரு முழு சனிக்கிழமை போச்சு.

இனிமேதான் வெட்டப்போறீங்கன்னா வரிசை இதுதான்: கீல் பக்கத்தை மட்டும் முதல்ல வெட்டுங்க, கீலை வெல்ட் பண்ணுங்க, அப்புறம் மத்த ரெண்டு பக்கம், கடைசிப் பக்கத்தை முடிக்கிறதுக்கு முன்னாடி கதவு ஓரம் முழுக்க ஒன்றரை இன்ச் பட்டையை, பாதி கதவு மேல பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற மாதிரி வெச்சு கதவுல மட்டும் வெல்ட் பண்ணுங்க. அந்தப் பட்டை கதவோட வளைவையும் பிடிச்சு வெச்சுக்கும், மூடினா சந்தையும் மறைச்சுடும். சந்து எட்டுல ஒரு இன்ச் விடுங்க, சூட்டுல இரும்பு நீளும், ஒட்டி வெட்டினா 300 டிகிரியில கதவு கடிச்சுக்கும். மிச்ச கசிவுக்கு சூடு தாங்குற கண்ணாடி இழைக் கயிறு ஒட்டிக்கலாம்.

ஃபயர்பாக்ஸ் பக்கம் கருகுது, அந்தக் கோடியில வேகல

எங்க எவ்ளோ சூடுன்னு ஊகிக்க வேண்டாம். இங்க கடையில டப்பாவுல சுருட்டி விக்கிற பிஸ்கட் மாவு இருக்கே, அதை ரெண்டு டப்பா வாங்கி கிரில் தட்டு முழுக்க வரிசையா அடுக்கி, 325 கிட்ட வெச்சு 15 நிமிஷம் கழிச்சுத் திறங்க. எனக்கு தொண்டைக்குப் பக்கத்துல இருந்த மூணு பிஸ்கட் அடியில கரியாயிடுச்சு, நடுவுல இருந்தது மைசூர்பாகு நிறம், சிம்னி பக்கம் ரெண்டு இட்லி மாதிரி வெள்ளையாவே உக்காந்திருந்துச்சு. ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அதுதான் உங்க ஸ்மோக்கரோட மேப்.

சரி பண்ண, தொண்டைக்கு நேரா கால் இன்ச் தகடு ஒண்ணை கீழ சரிச்சு வைங்க, சூட்டுக்காத்து நேரா எகிறாம தட்டுக்கு அடியில ஓடும். அதுக்கு அடுத்து தகடுகளை வெல்ட் பண்ணாம சும்மா அடுக்குங்க, முதல் தகடு ஒட்டினாப்ல, போகப்போக நடுவுல இடைவெளி அதிகமா. மறுபடி மாவு டெஸ்ட், தகடை அரை இன்ச் நகத்துங்க, மறுபடி டெஸ்ட். தகடுக்கு அடியில காத்து போற இடம் தொண்டையோட அளவுக்குக் குறையக்கூடாது, குறைஞ்சா இந்தக் கோளாறு போய் 225 கோளாறு வந்துடும்.

சிம்னியை கறி அறையோட உச்சியில வெச்சிருந்தா சூட்டுக்காத்து கூரையை ஒட்டியே ஓடி வெளிய போயிடும். தட்டு உயரத்துல பக்கவாட்டுல இருந்து எடுத்தா நல்லது, ஏற்கனவே மேல வெச்சாச்சுன்னா உள்பக்கம் ஒரு குழாயை தட்டு மட்டம் வரைக்கும் இறக்கிவிடுங்க. ரெண்டு மூலைக்கும் நடுவுல 20, 25 டிகிரி வித்தியாசம் கடைசி வரைக்கும் இருக்கும், அதைத் துரத்தாதீங்க, பிரிஸ்கெட்டோட, அதாவது மாட்டு நெஞ்சுக்கறியோட, கொழுத்த முனையை சூட்டுப் பக்கம் திருப்பி வைங்க.

மீட்டர் ஒண்ணு சொல்லுது, கறி வேற சொல்லுது

கதவு உச்சியில மாட்டின மீட்டர் கூரைச் சூட்டைத்தான் காட்டும், தட்டு மட்டத்துல 50 டிகிரி கூட வித்தியாசம் வரும். கதவுல தட்டு உயரத்துக்கு ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு ரெண்டு மீட்டர் மாட்டுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில முக்கிப் பாருங்க, ஹூஸ்டன் கடல் மட்டத்துக்குப் பக்கம், 212 காட்டணும்.

இதே இடத்துல இன்னொரு பயமும் வரும்: கறிக்குள்ள 160 கிட்ட வந்து ரெண்டு மூணு மணி நேரம் அசையாது. ஸ்மோக்கர்ல எந்தக் கோளாறும் இல்ல. கறி மேல ஈரம் கசிஞ்சு ஆவியாகி கறியைக் குளிர வைக்குது, மண்பானையில தண்ணி குளிருதே அதே வேலை. பதறி விறகை அள்ளிப் போடாதீங்க, மேல்பட்டை நல்ல நிறம் வந்திருந்தா கசாப்புக்கடை பழுப்புத்தாள்ல சுத்தி வைங்க, 203 கிட்ட போய் குச்சி வெண்ணெய்க்குள்ள இறங்குற மாதிரி இறங்கும்.

ஃபயர்பாக்ஸ் கதவு வழியா புகை முகத்துல அடிக்குது

சிம்னி இன்னும் குளிர்ந்து கிடக்கு. ஆரம்பத்துல கறி அறைக்குள்ள சிம்னி வாய்க்குக் கீழ ரெண்டு நியூஸ்பேப்பரைச் சுருட்டிக் கொளுத்துங்க, உள்ள இருக்குற குளிர்காத்து மேல கிளம்பிடும், அப்புறம் தானா இழுக்கும். காத்தடிக்கிற நாள்ல ஃபயர்பாக்ஸ் வாய் காத்துக்கு நேரா இருந்தா தீ எகிறும், சிம்னி வாயில காத்து இறங்கினா புகை திரும்பும், ஸ்மோக்கரைக் குறுக்க திருப்புங்க, சக்கரம் வெச்சது இதுக்காகவும்தான். மழைன்னு கராஜுக்குள்ள மட்டும் தள்ளிடாதீங்க, கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரும், அதுக்கு வாசனையே கிடையாது.

கறி மேல கறுப்பா செதில் விழுது, அடியில எண்ணெய் தேங்கி தீப்பிடிக்குது

செதில் பழைய புகைக்கரியும் கொழுப்பும். சூடா இருக்கும்போதே புட்டி பிளேடால கறி அறைக் கதவோட உள்பக்கத்தைச் சுரண்டுங்க. எண்ணெய் தேங்குதுன்னா சாய்வு தப்பு, ஃபயர்பாக்ஸுக்கு எதிர்முனை ஒரு இன்ச் தாழ இருக்கணும், அங்க ஒரு இன்ச் வடிகுழாய், அதுக்குக் கீழ ஒரு வாளி. தீப்பிடிச்சுட்டா தண்ணி ஊத்தாதீங்க, கொழுப்பு தெறிச்சு மேல அடிக்கும். அந்த ஒரு சமயத்துல மட்டும் எல்லா வாயையும் மூடலாம், காத்து இல்லாம அணையட்டும்.

ஃபயர்பாக்ஸ் ஒட்டுன இடத்துல வெல்ட் வெடிச்சிருக்கு, பெயின்ட் உரியுது

ஃபயர்பாக்ஸ் சூட்டுல விரியுற அளவுக்கு கறி அறை விரியாது, ரெண்டும் சேர்ற கோட்டுலதான் இழுபறி. துருவைத் தேய்க்காம அங்கங்க பொட்டு வெச்ச மாதிரி வெல்ட் அடிச்சிருந்தா கண்டிப்பா வெடிக்கும். வெடிப்போட ரெண்டு நுனியிலயும் எட்டுல ஒரு இன்ச் ஓட்டை போடுங்க, அப்போதான் அது மேல ஓடாது. கிரைண்டரால வி மாதிரி பள்ளம் எடுத்து, பளபளன்னு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, நல்லா காஞ்ச 7018 வெல்டிங் ராடுல நிரப்புங்க. சுத்தி முழுசா, இடைவெளி இல்லாம, ஆனா ஒரே மூச்சுல இல்ல, ரெண்டு இன்ச் இங்க ரெண்டு இன்ச் எதிர்ப்பக்கம்னு மாத்தி மாத்தி அடிச்சா தகடு கோணாது.

பெயின்ட் விஷயத்துல 1200 டிகிரி தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கும், கறி அறைக்கு அது போதும், ஃபயர்பாக்ஸ் தலையில மட்டும் எதுவும் நிக்காது. ஹூஸ்டன் ஈரத்துக்கு ஒரே வாரத்துல செந்துரு பூத்துடும். அங்க பெயின்ட்டை விட்டுட்டு ஒவ்வொரு சமையல் முடிஞ்சு இரும்பு கை பொறுக்குற சூட்டுக்கு மேல இருக்கும்போதே பழைய பனியன் துணியில சமையல் எண்ணெய் தொட்டு மெல்லிசா தடவி விடுங்க, தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி. அப்படியே சாம்பலையும் மறுநாள் காலையிலயே அள்ளிடுங்க, ஈரம் இழுத்த சாம்பல் அடித்தகட்டை அரிச்சுடும்.